ஏழாம் நம்பர் கேமரா

சிவசாமிக்கு முதலில் உறைத்தது ஒரே ஒரு சொல்தான்.

ஜூலை மாதத்துக் குளிர்காலக் காலை. ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் விடிந்தும் விடியாத மாதிரி தூறிக்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேசையில் தட்டைப் போட்டு உட்கார்ந்தபடி, "நேத்து வெச்ச நெத்திலி சம்பல் இன்னும் இருக்கா பாக்கியம்?" என்று கேட்டார்.

"ஓம், பிரிட்ஜ்ல இருக்கு" என்றாள் அவள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

சிவசாமி நிமிர்ந்து பார்த்தார். கிள்ளானில் பிறந்து வளர்ந்து, அவரைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூரில் குடித்தனம் நடத்தி, பிள்ளையோடு ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவள். அவள் வாயில் 'ஆமா' வரும். எரிச்சல் வந்தால் 'ஆமா லா' வரும். 'ஓம்' வந்ததே இல்லை.

"என்னா சொன்ன?"

"பிரிட்ஜ்ல இருக்குன்னேன்."

"அதுக்கு முன்ன?"

"முன்ன என்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே. ஆறிடும், சாப்டுங்க."

அவளுக்கே தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் விளையாட்டுக்கு என்று விட்டுவிடலாம். தெரியாமல் வந்ததுதான் அவரைக் குத்தியது. அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தது என்று அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிரதாபன்.

பிரதாபன் பக்குரங்காவில் தனியாக இருப்பவர். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. இவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு காட்டுத்துண்டு உண்டு. நடுவே ஓடை ஓடும். அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து அங்கே எலிக்கும், முட்டை தின்னும் பொஸம் என்கிற மரவிலங்குக்கும் பொறி வைத்துப் பறவைகளைக் காக்கிறார்கள். எது வருகிறது, எது போகிறது என்று பார்க்க மரங்களில் சின்னச் சின்னக் கேமராக்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். உடம்புச் சூட்டோடு ஏதாவது முன்னால் அசைந்தால் அதுவாகப் படம் எடுத்துக்கொள்ளும். முதியோர் இல்லத்து வேலையை விட்ட பிறகு பாக்கியம் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்போது சிவசாமி வேலையில் இருந்தார். ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவு. அவள் சனிக்கிழமை எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று கேட்டுக்கொள்ளக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை. போன கோடையில் அவரும் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அவருக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவள் அங்கே சும்மா போய்வருகிறவள் இல்லை என்பதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லாக் கேமராக்களின் பேட்டரிக்கும் அவள்தான் பொறுப்பு. காட்டு ஈரம் பொல்லாதது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே புகுந்து, பேட்டரி தொடுகிற தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். பூத்துவிட்டால் புது பேட்டரி போட்டாலும் கேமரா செத்த மாதிரிதான் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தம் பண்ணி, சார்ஜ் ஏற்றிய பேட்டரி போட்டு, திரும்பக் கொண்டுபோய்க் கட்டுவாள். ஒன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளைப் பிரியவிடாமல் இருக்க ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிற நகப்பூச்சில் புள்ளி வைத்திருந்தாள். சிவப்பு, ஊதா, தங்க நிறம். அந்த நகப்பூச்சுகளை அவள் விரலில் அவர் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காட்டிலிருந்து திரும்பும்போது பிரதாபனும் கூட வருவார். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

"என்ர மரத்தில காய்ச்சுக் கொட்டுது. பற்றறித் தகடு துடைக்கவும் ஆகும், ஊறுகாய் போடவும் ஆகும்."

"நம்ம வீட்டுப் பின்னால எலுமிச்ச மரம் இல்லையா?" என்றார் சிவசாமி, ஹாலில் இருந்தபடி.

"நம்மது இன்னும் பச்சையா இருக்குங்க. சாறு வராது" என்றாள் பாக்கியம்.

டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவும் மெஷின் சத்தத்துக்கு நடுவே மேசைப் பேச்சு கேட்டது.

"பாக்கியலட்சுமி, இதை ஒருக்காப் பாருங்கோ. இந்த மூலையில வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. பற்றறி ஒழுகியிருக்கு."

"காட்டுங்க. ஐயோ, ஸ்பிரிங்கு வரைக்கும் போயிருச்சே. யாரு இதுல பழசையும் புதுசையும் கலந்து போட்டது?"

"நான் இல்லை. ஹெலனாத்தான் இருக்கும். அவவுக்கு எல்லாப் பற்றறியும் ஒண்டுதான்."

அவள் சிரித்தாள். பாக்கியலட்சுமி! அம்மா அப்பாகூட அவளைப் பாக்கியம் என்றுதான் கூப்பிட்டார்கள். சிவசாமியும் அப்படித்தான். காட்டுக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்கள் அதை 'பாக்கி' ஆக்கிவிட்டார்கள். முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் நிறுத்திச் சொல்கிற ஒரே மனிதன் இவன்தான். அந்தப் பெயர் இவ்வளவு நீளம், இவ்வளவு அழகு என்று சிவசாமிக்கே இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் வயிறு எரிந்தது.

எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து வெள்ளைப் படிவின் மேல் ஒற்றிக்கொண்டிருந்தாள். சுர்ரென்று நுரைத்தது. உலர்ந்த குச்சியால் துடைத்து, ஸ்பிரிட் தொட்டு இன்னொரு முறை துடைத்து, ஸ்பிரிங்கின் இடுக்குகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தாள். பிரதாபன் தன் பெரிய கையில் கேமராவை முட்டையைப் போல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ சாறு ஊத்தக் கூடாது பாக்கியம். உள்ள எறங்கிரும்."

"ஊத்தலைங்க. தொட்டுத்தான் வெக்கிறேன்."

"பேப்பர் நனையுது பாரு. கீழ மரம் கெட்டுடும்."

அவள் பேப்பரை மாற்றினாள். சுவரோரம், ஹீட்டர் பக்கத்தில், துடைத்த கேமராக்கள் வாயைத் திறந்தபடி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஹாலுக்குத் திரும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. முன்னைவிடத் தணிந்த குரலில்.

அடுத்த சனிக்கிழமை அவள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டுவிட்டார். "நானும் வரட்டுமா?"

"எதுக்குங்க? ஒரே சேறு. மேடு வேற. உங்களுக்கு மூச்சு வாங்கும்."

"எனக்கா? நான் தெனம் நடக்கிறேனே."

"அது ரோட்டுல நடக்கிறது."

கயிற்றை இறுக்கி முடிந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. வெளியே பிரதாபனின் வேன் வந்து நின்றது.

எப்சத்தில் இருக்கும் மகள் தனுஷாவுக்குப் போன் போட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அம்மா ரொம்ப அலைகிறாள், குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எதையோ சொன்னார்.

"அப்பா, ஷீ இஸ் ஹாப்பி. லெட் ஹெர் பீ" என்றாள் மகள். அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் அவசரத்தில் இருந்தாள்.

ஹாப்பி. யார் இல்லை என்றது? அதுதானே விஷயம்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் இருவரும் பேட்டரி மாற்றப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். மற்ற ஆட்கள் வேலைக்குப் போகிறவர்கள்; வாரநாளில் இவர்கள் இரண்டு பேர்தான். வேன் போய்க் கொஞ்ச நேரம் கழித்துச் சிவசாமி தன் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். காட்டின் மறுபக்க வாசலில் நிறுத்தினார். மரங்களுக்கு நோய் பரவாமல் இருக்கச் செருப்பு தேய்க்கும் பிரஷ் அங்கே வைத்திருந்தது. வேவு பார்க்க வந்த இடத்திலும் அவர் நின்று நிதானமாக இரண்டு செருப்பையும் தேய்த்து, மருந்து அடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

உள்ளே மழை நின்றிருந்தது, ஆனால் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு டூயிப் பறவை விட்டு விட்டுக் கூவியது. ஓடையை ஒட்டிப் போகும்போது முதலில் அவள் குரல் கேட்டது. அவர் பாதையை விட்டு இறங்கி, ஆள் உயரப் பெரணிச் செடிக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார். சேற்றில் கால் கணுக்கால்வரை போயிற்று.

பாக்கியம் ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள். பிரதாபன் கேமராவின் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டி, தாடையைத் தூக்கி, குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"'பாக்கியம், அடுப்பு கொஞ்சம் கூட இருக்கோ? பாக்கியம், கதவ மெதுவா சாத்து. பாக்கியம், கரண்டிய அப்டி வெக்காத, இப்டி வெய்யி.' காலைல எழுந்திரிச்சதுலேருந்து இதான். பின்னாடியே வந்து நிப்பாரு. நான் மூச்சு விட்டாகூட சரியா விடுறேனான்னு பாப்பாரு."

அச்சு அசல் அவர்தான். அந்தத் தாடை, அந்த இழுப்பு, கடைசிச் சொல்லில் குரல் லேசாக ஏறுவது, எல்லாம் அவர்தான். தான் அப்படி நிற்பது அவருக்கே அதுவரை தெரியாது.

பிரதாபன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"பாவம் மனுசன். வேலை விட்டாப் பிறகு ஆம்பிளையளுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது. என்ர மனுசி இருக்கேக்க நானும் உப்பிடித்தான், அவவைப் போட்டு வாட்டினனான்."

"நீங்களா? நான் நம்ப மாட்டேன்" என்றாள் பாக்கியம்.

கேலியை அவர் தாங்கியிருப்பார். பாவம் என்றதையும் எப்படியாவது விழுங்கியிருப்பார். அந்த 'நம்ப மாட்டேன்' அவள் குரலில் வந்த விதத்தை அவரால் தாங்க முடியவில்லை. அதில் செல்லமாக ஒரு கோபம் இருந்தது. அவள் தன்னிடம் கடைசியாக அப்படிப் பேசியது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. கண்ணில் நீர் கோத்து, பெரணியும் அவர்களும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தார்கள். சத்தம் போடாமல் பின்வாங்கி, ஓடையோரமாகவே நடந்து, காருக்கு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, கேமராக்களிலிருந்து எடுத்து வந்த கார்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் லேப்டாப்பை மூடினாள்.

"மத்தியானம் எங்க போனீங்க?"

"பக்குரங்கா பிளாசா வரைக்கும். ஒரு சட்டை பாக்கலாம்னு."

"வாங்கலியா?"

"சைஸு இல்ல."

அவள் தலையாட்டினாள். சோற்றைக் குக்கரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே, "சனிக்கிழமை கம்யூனிட்டி ஹால்ல எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுறாங்க. நீங்களும் வாங்க. கறிபாப் செய்யப் போறேன்" என்றாள்.

"பாக்கலாம்."

"ஓடைப் பக்கம் புதுசா ஒண்ணு கட்டியிருக்கோம். ஏழாம் நம்பரு. கூட்டத்துக்கே அதான் நல்ல கேமரா. பகல்லயும் பளிச்சுன்னு எடுக்கும்."

அவர் கையில் சோறு நின்றது. "அதுல இருக்கிறதையும் காட்டுவாங்களா?"

"எல்லாத்தையும்தான் காட்டுவாங்க" என்றாள் பாக்கியம். அவர் ஏதாவது சொல்வாரோ என்று அவள் கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றாள்.

மறுநாள் காலை, அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில், நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். தன்னைப் படம் பிடித்த கார்டு இன்னும் ஏழாம் நம்பர் கேமராவுக்குள்ளேயே இருக்கலாம், எடுத்துவிடலாம் என்பது ஒரு நம்பிக்கை. பெரணிக்கு எதிரே இருந்த மரத்தில் அந்தக் கேமரா இருந்தது. மரப்பட்டை நிறத்தில், முழங்கால் உயரத்தில். நேற்று அது அவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

குளிரில் விரல்கள் மரத்திருந்தன. கொக்கியை நெம்பி மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரிகள் வரிசையாக, சிவப்புப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன. தகடுகள் கண்ணாடி மாதிரி மின்னின. மூலையில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றை மடித்து வைத்திருந்தாள். தன் வீட்டில் இத்தனை நாள் ஒருத்தி இவ்வளவு பொறுமையாக ஒரு வேலை செய்கிறாள், தான் அதில் பேப்பர் நனைவதை மட்டும் பார்த்திருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நின்று நினைக்க நேரமில்லை. கார்டு ஓரத்தில் இருந்தது. நகத்தால் இழுத்தார், வரவில்லை. அமுக்கினால்தான் வெளியே தள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. பலமாக நெம்பியபோது பேட்டரிகள் உதிர்ந்து சேற்றில் விழுந்தன.

அந்நேரம் பாதையில் நாய் குரைத்தது. யாரோ வருகிறார்கள். பேட்டரிகளைப் பொறுக்கி, ரெயின்கோட்டில் துடைத்தும் துடைக்காமலும் உள்ளே திணித்தார். மூடியை அழுத்தினார். கொக்கி மாட்டியதா என்று பார்க்கவில்லை. சேறு அப்பிய கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நாயோடு வந்த பெண்ணுக்கு 'மார்னிங்' சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் கொட்டு கொட்டென்று மழை கொட்டியது.

சனிக்கிழமை ஹாலில் முப்பது பேர் போல இருந்தார்கள். ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையும், பாக்கியம் பொரித்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்குக் கறிபாப் வாடையும், ஹீட்டர் சூடும் கலந்து அடித்தன. சிவசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்தை நடத்தும் ஹெலன், வெள்ளை முடியைக் கொண்டை போட்ட உயரமான பெண், படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டாள். எலி. இன்னொரு எலி. முள்ளெலி. குட்டியை முதுகில் சுமந்த பொஸம். யாரோ ஒருவரின் பூனை வந்ததும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். 'ஏழு' என்று எழுத்து வந்தது. ஓடை தெரிந்தது. அவருக்குத் தெரிந்த அந்தப் பெரணி தெரிந்தது. சிவசாமி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஒரு ஜோடி வாத்து ஓடையைக் கடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எட்டாம் நம்பர் வந்துவிட்டது.

கேமராவில் விழவில்லை போலிருக்கிறது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கறிபாப் ஒன்று எடுத்துக் கடித்தார்.

அப்புறம் ஹெலன் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் ஏழாம் நம்பர் கேமரா. இன்று காலை போனபோது மூடி திறந்து கிடந்ததாம். உள்ளே தண்ணீர். இரண்டு பேட்டரி தலைகீழாகப் போட்டிருந்ததில் ஒழுகி, தகடெல்லாம் நுரை தள்ளியிருக்கிறதாம். கார்டும் போயிற்று. "பரவாயில்லை, யாருக்கும் நடக்கும்" என்றாள் ஹெலன் இதமாக. "ஆனால் மூடும்போது எல்லாரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்."

எல்லாருக்கும் என்று சொன்னாலும் ஹாலில் பாதித் தலைகள் பாக்கியத்தின் பக்கம் திரும்பின. பேட்டரி அவள் பொறுப்பு. அவள் எழுந்து நின்று, தகடுகள் அரிக்கப்பட்ட அந்தக் கேமராவைப் பைக்குள்ளாகவே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சரியாத்தான் மூடினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் பிசிறியது. "எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன்." முகம் கறுத்துவிட்டது. அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். தான் எதையாவது திருத்தும்போது வருகிற முகம்.

பிரதாபன் எழுந்தார். "அது அவவின்ர பிழை இல்லை" என்று தமிழில் தொடங்கி, உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். "கடைசியாக மூடியது நான்தான். எனக்குக் கண் சரியில்லை. பேட்டரியை மாற்றிப் போட்டிருப்பேன். மன்னிக்க வேண்டும்."

பொய். பிரதாபனுக்கு அது பொய் என்று தெரியும். பாக்கியத்துக்கும் தெரியும். அவள் பிரதாபனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி ததும்பியது. சிவசாமிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நான் செய்த பிழை. என் பெண்டாட்டிக்கு வந்த கெட்ட பெயர். அதைச் சுமக்க இவன் யார்? பழியைக்கூட இந்த மனிதனுக்கு விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. நல்ல எண்ணத்தில்தான் எழுந்தார் என்று யாராவது சொன்னால் அது பாதிதான் உண்மை. கறிபாப் தட்டு மடியிலிருந்து விழ, எழுந்துவிட்டார்.

"நான்தான்" என்றார் ஆங்கிலத்தில். "வியாழக்கிழமை நான்தான் அதைத் திறந்தேன். கீழே போட்டேன். சரியாக மூடவில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லை."

ஹால் திரும்பியது. ஹெலன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "எதற்காகத் திறந்தீர்கள் சிவா?"

என்ன சொல்வது? "என் மனைவி இங்கே என்ன செய்கிறாள் என்று பார்க்க நினைத்தேன்" என்றார்.

"ஓ, எவ்வளவு இனிமை!" என்று முன்வரிசைக் கிழவி ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். ஹால் முழுக்கச் சிரித்தது, யாரோ கை தட்டினார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. பிரதாபன் மெதுவாக உட்கார்ந்து, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அவள் காரில் வந்தாள். கேமரா இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் நம்பர்ல கார்டு புதன்கிழமையே மாத்தியாச்சு" என்றாள். "நீங்க போன பொறவு."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். நீங்க அசைய அசைய மூணு மூணா எடுத்திருக்கு. பெரணி எலைக்குள்ள மஞ்சக் கோட்டு. எனக்கு வந்த கோவம் கொஞ்சமா நஞ்சமா? சனிக்கிழமை எல்லார் முன்னாலயும் ஓடட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு வெச்சிருந்தேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னும் பாத்தேன். சட்டை பாக்கப் போனேன்னீங்க."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தேன். படத்துக்குப் படம் உங்க மூஞ்சி மாறுது. கடைசில கண்ணத் தொடைக்கிறீங்க. அப்பத்தான் வெளங்குச்சு, நான் பேசுனது உங்க காதுல விழுந்திருச்சுன்னு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்டிப் பேசியிருக்கக் கூடாது நான். அதுவும் வெளி ஆளுகிட்ட."

"அந்தப் படத்த பிரதாபன் பாத்தாரா?"

அவள் சட்டென்று திரும்பினாள். "இப்ப இதான் கேக்கத் தோணுதா உங்களுக்கு?"

"சொல்லேன்."

"இல்ல. யாரும் பாக்கல. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒண்ணு மட்டும் வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"மறுபடி யார்கிட்டயாச்சும் உங்கள மாதிரி பேசிக் காட்டணும்னு வாய் ஊறுச்சுன்னா, எடுத்துப் பாத்துக்கலாம்னு."

சிக்னலில் கார் நின்றது. கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அந்த ஆளோட இனிமே போகாதன்னு சொன்னா?"

"போவேன்."

"பாக்கியம், அந்த ஆளு மேல உனக்கு..."

"எனக்கு என்னான்னு எனக்கே சரியாத் தெரியலைங்க. அவரு ஏதாச்சும் கேட்டா பதில் சொல்ல நல்லா இருக்கு. என்னை யாரும் ஒண்ணு கேட்டு ரொம்ப நாளாச்சு, சொல்றதுக்குத்தான் ஆளு இருக்கு. அவ்ளோதான். நீங்க பயப்படுற மாதிரி ஒண்ணும் கெடையாது. ஆனா அதையும் விடுன்னா, விட மாட்டேன்."

அவள் அழவில்லை, சண்டைக்கும் இழுக்கவில்லை. சாமான் வாங்க வேண்டியதைச் சொல்வது போலச் சொன்னாள். சிக்னல் பச்சைக்கு மாறியது, அவர் காரை நகர்த்தினார்.

அந்த வாரம் அவள் ஏழாம் நம்பரை மேசையில் பிரித்து வைத்துப் போராடினாள். எலுமிச்சைச் சாறு, ஸ்பிரிட், பிரஷ். அரித்துப்போன தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சம் பளபளப்பை வரவழைத்தாள். சிவசாமி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். சாறு இரண்டு சொட்டு பேப்பரில் சிந்தியது. வாய் வரை வந்ததைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

"இந்த ஸ்பிரிங்கு ஏன் இப்டி வளைஞ்சிருக்கு?" என்று கேட்டார் பிறகு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திருத்துகிறாரா, கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நீங்க திணிச்சதுல வளைஞ்சது" என்றாள். பிறகு, அது எப்படி இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். பேச்சு வளர்ந்து, உலை வைக்க நேரமாகிவிட்டது.

கேமரா முழுக்கப் பிழைக்கவில்லை. பகலில் எடுத்தது, இருட்டில் எடுக்க மறுத்தது. அதை வேறு மரத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஹெலன் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மழை விட்டு வெயில் அடித்தது. வேன் வந்து நின்றபோது பாக்கியம் வாசல் படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். சிவசாமி பேட்டரிப் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார். பிரதாபன் அவசரமாக இறங்கி அதை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை.

"அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினார் பிரதாபன்.

"விடுங்க."

"இண்டைக்கு நல்ல வெயில். நீங்களும் வாறீங்களோ அண்ணை? வேனில இடமிருக்கு."

அவர் கூப்பிட்டது மெய்யாகத்தான். சிவசாமி திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்தார். அவள் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கை பாதி முடிச்சில் நின்றுவிட்டிருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லப் போவதில்லை. இப்போது வருகிறேன் என்றால் வரச் சொல்லியும் விடுவாள்.

"இல்ல, வீட்டுல வேலை கெடக்கு" என்றார்.

வீட்டில் ஒரு வேலையும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். பாக்கியம் கயிற்றை இறுக்கி முடிந்து எழுந்தாள். வேனில் ஏறுமுன் சிவசாமியின் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். வேன் கதவு மூடியது. முன்சீட்டில் அவள் ஏதோ சொல்வதும், பிரதாபன் சிரிப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது.

வேன் முக்குத் திரும்பும்வரை சிவசாமி தபால் பெட்டி பக்கத்தில் நின்றார். வயிற்றெரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அதோடேயே உள்ளே போய், மத்தியானத்துக்கு மூன்று பேருக்கு அரிசி களைந்து வைத்தார்.